நடுக்கோட்டுக்கு அப்பால்

மைதானக்காரன் வீட்டுக்குக் கூரை என்று தனியாக எதுவும் கிடையாது. ஸ்டேடியத்தின் கிழக்கு கேலரிப் படிகள்தான் கூரை. உள்ளே படுத்து அண்ணாந்தால் படிகள் தலைகீழாக இறங்கி வருவது தெரியும். வாசலில் நிமிர்ந்து நிற்கிறவர்கள் உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். கடைசி மூலையில் குழந்தையால் மட்டும்தான் நிற்க முடியும். அதனால் அந்த மூலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆட்டம் உள்ள நாட்களில் தலைக்கு மேலே கால்கள் குதிக்கும். சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையே.

அந்த வீட்டில் நான்கு பேர். மைதானக்காரனுக்குப் புல்தான் வேலை. வெட்டுவது, தண்ணீர் காட்டுவது, வெள்ளைக் கோடு போடுவது, செருப்புக் காலோடு ஓடுதளத்தில் ஏறுகிறவர்களைப் பார்த்துக் கத்துவது. அவனுடைய அக்கா கட்டியவனோடு ஒத்துவராமல் இளம் வயதிலேயே திரும்பி வந்தவள். விளையாட்டு விடுதிக்கான கேன்டீன் அவள் பொறுப்பில் இருந்தது. ஸ்டேடியம் மேனேஜரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். மைதானக்காரனின் மனைவியை அங்கே பம்பரம் என்பார்கள். பெண்கள் விடுதி வாசலில் அவளுக்குக் காவல் வேலை. அது சம்பளத்துக்கு. மற்றபடி அவள் சங்கிலிக் குண்டு எறிகிறவள், ஹாமர் த்ரோ என்பார்களே அது. வலைக்கூண்டுக்குள் அவள் சுழலத் தொடங்கினால் முகம் எது பின்தலை எது என்று தெரியாது. அப்படி வந்த பெயர். நான்காவது ஆள் குழந்தை. அவளுக்கு மூன்று வயது.

ஸ்டேடியம் ஒன்றுதான். ஆனால் அதில் குடியிருந்தவை இரண்டு. சிவப்பு ஓடுதளமும் அதைச் சுற்றிய மணல் குழிகளும் வட்டங்களும் தடகளக்காரர்களுடையவை. நடுவில் இருந்த புல் கால்பந்துக்காரர்களுடையது. இரண்டு தரப்புக்கும் மாமியார் மருமகள் உறவு. ஓடுகிறவர்களால் புல்லுக்குச் சேதமில்லை, எறிகிறவர்களால்தான் வம்பு. வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கூண்டிலிருந்து எறிகிற குண்டு எங்கே விழும்? புல்லில்தான் விழும். விழுந்த இடத்தில் கரண்டியால் தோண்டியதுபோல ஒரு பள்ளம்.

உண்மையைச் சொன்னால், மைதானக்காரனுக்குப் பம்பரம் அறிமுகமானதே பள்ளங்களாகத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மண் வாளியோடு அவளிடம் சண்டைக்குப் போனான்.

"ஏம்மா, இந்தப் புல்லு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீங்க எடுத்து ஓரமா வைங்க. நான் ஏன் அது மேல எறியப் போறேன்?"

கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலை அவனுக்குத் தீரவில்லை. அவள் எறிவாள், அவன் மண்வாரியோடும் வாளியோடும் பின்னால் போவான். பள்ளத்தின் ஓரங்களைக் கம்பியால் நெம்பித் தூக்கி, மணல் கலந்த மண்ணை அடைத்து, புல்கட்டி ஒன்றை மேலே பதித்து, குதிகாலால் மிதித்து, தண்ணீர் தெளிப்பான். கர்ப்பம், பிரசவம், பால்குடி என்று இடையில் குண்டு பரணில் கிடந்தது. பிறகு அவள் மறுபடியும் எடுத்தாள். தேசியப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு வரப்போகிறது, இந்த முறை விட்டால் வயது போய்விடும் என்றாள். எல்லாப் பள்ளத்தையும் அவனே அடைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மேனேஜர் சம்மதித்தார். அவள் குண்டு நடுக்கோட்டை எட்டியதில்லை. அதனால் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் அவன் பள்ளம் தேடுவான். அந்தப் பக்கம் தேட வேண்டிய தேவை வந்ததில்லை.

ஒருநாள் மாலை மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு சுற்று எறிந்தாகிவிட்டது. மறுநாள் பெரிய ஆட்டம் இருந்ததால் மைதானக்காரன் வெள்ளைப் பொடியைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தான். குழந்தை கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அம்மாவின் பழைய கையுறையைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தது.

"போதும், வா. மழை வருது பாரு," என்றான்.

"ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு உடம்பு கேக்குதுங்க."

தூறல் அப்போதே விழ ஆரம்பித்திருந்தது. அவள் கூண்டுக்குள் போனாள். தலைக்கு மேலே இரண்டு வீச்சு, பிறகு சுழற்சி. குண்டு கையை விட்ட அதே நொடியில் கேலரியிலிருந்து குழந்தையின் வீறிடல் கேட்டது. கையுறைக் காலோடு நடக்கப் பார்த்து ஈரப் படியில் வழுக்கி, மோவாய் பிளந்துவிட்டது. பம்பரம் குண்டைப் பார்க்கவில்லை, திரும்பி ஓடினாள். மைதானக்காரனும் பார்க்கவில்லை. மழை வலுத்தது. குழந்தையை அவள் கையில் பார்த்த பிறகு அவன் குண்டை எடுக்க ஓடினான். அது நடுக்கோட்டைத் தாண்டிப் போய்க் கிடந்தது. ஈரப் புல்லில் குண்டு விழுந்த பிறகும் வழுக்கிக்கொண்டே போகும். அவன் எத்தனையோ தடவை பார்த்ததுதான். கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மோவாயில் தையல் போட்டார்கள். காலையில் வெயில் அடித்தது. அவன் விடியும் முன்பே எழுந்து, இந்தப் பக்கத்துப் பள்ளங்களை ஒன்றுவிடாமல் அடைத்தான்.

*

ஆட்டத்துக்கு நல்ல கூட்டம். உள்ளூர் அணியின் வலது ஓரத்து ஆட்டக்காரனைக் குருவி என்பார்கள். ஆள் ஒல்லி. பந்தை அவன் துரத்துகிறானா, பந்து அவனைத் துரத்துகிறதா என்று தெரியாது. அவனுக்கு ஊரில் சொந்தம் இல்லை. அப்பா கப்பல் வேலையில் எங்கேயோ கடலில். கேன்டீனில் அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். "எலும்புக்கு மேல தோலு போத்திட்டு வந்தான், நான்தான் நடுவுல சதை வச்சேன்," என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். பெரிய அணி ஒன்றிலிருந்து அவனைப் பார்க்க அன்றைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அதற்காகக் காலையில் கூடுதலாக இரண்டு முட்டை வைத்தாள். அவன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

"வயிறு கனத்தா கால் ஓடாதுக்கா."

"கால் ஓடணும்னாதான்டா முட்டை. தின்னுட்டுப் போ."

இரண்டாம் பாதியில் பந்து அவன் காலுக்கு வந்தது. அவன் தன் பக்கத்திலிருந்து கிளம்பி, ஓரத்தை விட்டு உள்ளே வெட்டி, எதிரணி ஆட்களைத் தாண்டித் தாண்டிப் போனான். கேலரி எழுந்து நின்றது. நடுக்கோட்டைக் கடந்து இன்னும் கொஞ்சம் போனவன், யாரும் தொடாமலே மடங்கினான். பந்து தன்பாட்டுக்கு உருண்டு போனது.

வேலியோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பம்பரம் அதைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்க ஓடிய மைதானக்காரன் பக்கத்திலேயே பார்த்தான். அங்கே ஒரு பள்ளம், புல் மறைத்திருந்தது. ஆனால் அது எலி தோண்டியதல்ல. பூட்ஸ் பெயர்த்ததும் அல்ல. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. எந்தத் திசையிலிருந்து வந்து விழுந்தது என்றுகூட அவனால் சொல்ல முடியும். நடுவர் வந்து காலால் தடவிப் பார்த்தார்.

"என்னய்யா இது? கிரவுண்டா, வயக்காடா?"

மைதானக்காரன் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினான். குருவியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வாளியோடு திரும்பி வந்தான். இருபத்தோரு ஆட்டக்காரர்களும் கேலரி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மண் போட்டு மிதித்தான். ஆட்டம் தொடர்ந்தது.

*

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டிக்குள்ள என்னமோ அறுந்துபோச்சாம். ஆபரேஷன் பண்ணணுமாம். ஓட முடியுமான்னு கேட்டேன். முதல்ல நடக்கட்டும்மாங்கிறாரு டாக்டர்."

குழந்தை தன் மோவாய்க் கட்டைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் தையல்," என்றது.

"ஆமாடி கண்ணு," என்றாள் அக்கா. பிறகு தம்பியைப் பார்த்தாள். "ஏன்டா, உனக்கு இருக்கிறது ஒரு வேலை. ஒரே ஒரு வேலை. கண்ணை எங்க வச்சிருந்த?"

"நான் கவனிக்கலக்கா."

"கவனிக்கலையாம். அந்தப் புள்ள கத்துன கத்தல் உன் காதுல விழுந்துச்சா இல்ல அதையும் கவனிக்கலையா? அவனைப் பாக்க வந்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை? ஒருத்தன் இறங்கிப் பாக்கல."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பம்பரம் குனிந்தபடியே வாசலுக்கு வந்து நிமிர்ந்தாள். கணவனிடம் கேட்டாள்.

"அது நம்ம பள்ளமா?"

"ஆமா."

"அவ்ளோ தூரத்துலயா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. மைதானக்காரன் தரையைப் பார்த்தான். அக்கா மெதுவாக எழுந்தாள்.

"என்ன கேட்ட?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"இல்ல, என்னமோ கேட்டியே. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கோல் போட்டுட்டு வர்ற பயலுங்க, 'பாத்தீங்களாக்கா'ன்னு கேப்பானுங்க பாரு, அந்தக் குரல்."

"அண்ணி, சத்தியமா நான் அப்படி நெனச்சுக் கேக்கல."

"நெனைக்காம வர்றதுதான்டியம்மா நெசம்."

"நான் வேணும்னா பண்ணேன்? குழந்தை விழுந்துச்சு, மழை—"

"மழையைச் சொல்லு. குழந்தையைச் சொல்லு. அவனைத் தவிர எல்லாத்தையும் சொல்லு."

"அக்கா, விடுக்கா," என்றான் மைதானக்காரன். "அடைக்க வேண்டியவன் நான். அவளை எதுக்குத் திட்டுற?"

"நீ பேசாத. பொண்டாட்டி குழி தோண்டுவா, புருஷன் மூடுவான். நல்ல குடும்பம்டா."

அன்று அக்கா சமைத்தாள், எல்லோருக்கும் பரிமாறினாள், தான் சாப்பிடவில்லை. பம்பரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பிசைந்தாள்.

*

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கணவனும் மனைவியும் போனார்கள். மேனேஜர் மோசமான ஆள் இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது மட்டுமே அவருடைய குறிக்கோள். கால்பந்துக் கழகத்துச் செயலாளர் வருவதற்குள் விஷயத்தை முடித்துக்கொள்ளப் பார்த்தார்.

"உக்காருங்க. இங்க பாருப்பா, புல்லுக்கு அடியில தண்ணிக் குழாய் கசியுதுன்னு போன வருஷம் நீதானே சொன்ன?"

"அது தெற்குக் கோடியில சார். மூலையில."

"குழாய்க்கு மூலை, நடுன்னு உண்டா? கசிஞ்சுது, மண்ணு உள்வாங்கிடுச்சு. இயற்கை. யாரு மேலயும் தப்பு இல்ல. உன் வேலையும் போகாது, உன் வீட்டுக்காரம்மா எறியிறதும் நிக்காது. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. வாயை மூடிட்டு இருன்னு சொல்றேன். அவ்ளோதான்."

மைதானக்காரன் தலையாட்டினான். வேலை போய்விட்டால் எங்கே குடியிருப்பது என்றே இரவு முழுக்க யோசித்திருந்தான். இது கேட்க இதமாக இருந்தது.

செயலாளர் வந்தார். நிற்கும்போதே பேச ஆரம்பித்தார்.

"சார், ஒரே கேள்வி. இந்த இரும்புக் குண்டு எறியிறவங்க இனிமே உள்ள வரணுமா, வேணாமா?"

"அவசரப்படாதீங்க. விசாரிச்சோம். குழாய்க் கசிவுன்னு தெரியுது."

"குழாயா?"

"குழாய் இல்லைங்க," என்றாள் பம்பரம். "என் குண்டு விழுந்த இடம் அது. நான்தான் எறிஞ்சேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். செயலாளருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "அவ்ளோ தூரம் போகுமாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"அன்னைக்குப் போச்சு."

மைதானக்காரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் குரலில் வருத்தம் இருந்தது. அது பொய் இல்லை. ஆனால் வருத்தம் மட்டுமே இருந்தது என்று யார் சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். குழாய்க் கசிவு என்று ஆகிவிட்டால் அந்த எறிதல் நடக்கவே இல்லை என்றாகிவிடும். அதை அளந்தவர்களும் இல்லை, பார்த்தவர்களும் இல்லை. அவளும் பார்க்கவில்லை.

எறிகிறவர்கள் இனி உள்ளே வரக்கூடாது என்று முடிவாயிற்று. மைதானக்காரனுக்கு ஒரு மாதம் இடைநீக்கம். வீட்டை மட்டும் மேனேஜர் விட்டுவைத்தார்.

வெளியே வந்ததும் ஓடுதளத்தின் ஓரத்தில் அவள் நின்றாள்.

"எந்த இடம்?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். புதுமண் ஈரம் காயாமல் கறுப்பாகத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கால் எங்க மாட்டுச்சுன்னு பாத்தேன்," என்றாள் பிறகு. அவன் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

*

ஆபரேஷன் முடிந்த பிறகு பம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மைதானக்காரன் ஏற்கெனவே போய், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்திருந்தான். அக்கா கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். குருவியின் கால் தலையணை மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தவிர அவனிடத்தில் மீதி எல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

"மன்னிச்சுக்கப்பா," என்றாள். வழியெல்லாம் யோசித்து வந்ததில் அதுதான் மிஞ்சியிருந்தது.

அவன் ஜன்னலைப் பார்த்தான். "எல்லாரும் வந்து பள்ளத்தைப் பத்தியே பேசுறாங்க. எவ்ளோ ஆழம், எவ்ளோ அகலம், யாரு போட்டது, யாரு மூடலன்னு. நான் அன்னைக்கு எப்படி ஓடுனேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"நான் பாத்தேன். வேலிக்கிட்டதான் நின்னேன். உன் பக்கத்துல இருந்து கிளம்பி வந்த. மூணு பேரைத் தாண்டுன."

"நாலு."

"மூணுதான் எனக்குத் தெரிஞ்சுது."

"கடைசி ஆளு கையைப் புடிச்சு இழுத்தான். அவனையும் சேத்து நாலு."

"சரி, நாலு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். அக்கா பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள்.

"நாளன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. வீடு என்ன வீடு, மாடி மேல ஒரு ரூம். தண்ணி வேணும்னாலும் கீழ இறங்கணும். நான் அங்க போறேன். எதிர் ரூமு காலியாத்தான் இருக்கு. பேசிட்டேன்."

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"அவன் நடக்குற வரைக்கும்."

"குழந்தை உங்கள விட்டு இருக்க மாட்டாளே."

"அவளுக்கு அம்மா இருக்கா, அப்பனும் இப்ப சும்மாத்தானே இருக்கான். இவனுக்கு யாரு இருக்கா?" அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். "உன் மேல கோவத்துல போறேன்னு நெனைக்காத. கோவம் இருக்கு. அதுக்காகப் போகல."

அதன் பிறகு அக்கா தினமும் கேன்டீனில் சமைத்து முடித்துவிட்டு, தூக்குப் பாத்திரத்தோடு பஸ் ஏறிப் போனாள். வீட்டுப் பக்கம் வரவில்லை. குழந்தை இரண்டு நாள் அத்தை எங்கே என்று கேட்டு அழுதது. பிறகு கேன்டீன் ஜன்னலில் போய் நின்று பார்த்துவிட்டு வரப் பழகிக்கொண்டது.

*

லாரிகள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் சரளைக்கல் பொட்டல் ஒன்று இருந்தது. அங்கே கூண்டு கிடையாது, வட்டம் கிடையாது. மைதானக்காரன் பழைய சிமென்ட் பலகையைக் கொண்டுவந்து போட்டான். கூண்டு இல்லாததால் ஆள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு லாரிக்காரர்களைத் தள்ளிப்போகச் சொல்வான். சரளையில் குண்டு விழுந்தால் தீப்பொறி பறக்கும், பள்ளம் விழாது. அடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவன் கை சும்மா இருந்தது.

முதல் வாரம் அவள் குண்டு எங்கேயும் போகவில்லை. விடும் நொடியில் தோள் இறுகிவிட்டது.

"என்ன ஆச்சு?"

"விடுறப்ப அங்க ஆள் இருக்கானோன்னு தோணுதுங்க."

"நான்தான் பாத்துட்டு இருக்கேனே."

"நீங்க பாக்குறீங்க. எனக்குத் தோணுதே."

"வேணாம்னா விட்டுடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் குண்டைத் துணியால் துடைத்தாள். "விட்டா மட்டும் அவன் கால் சரியாயிடுமா? நான் யோசிச்சுப் பாத்துட்டேன். இதை விட்டுட்டா எனக்கு அந்தப் பள்ளம் மட்டும்தான் மிஞ்சும்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இளகியது. பழைய நாளைப் போல இல்லை, ஆனால் எறிந்தாள்.

தேர்வு வெளியூரில் நடந்தது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு மூவருமே போனார்கள். அந்த ஊர் மைதானத்தில் எறிவதற்கென்றே தனித் திடல் இருந்தது. கால்பந்தும் இல்லை, நடுக்கோடும் இல்லை. நாடாவைப் பிடித்து அளந்தார்கள், ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் எறிந்தது நன்றாகத்தான் போயிற்று. அந்த மழை நாளில் போன தூரம் போகவில்லை. அது மைதானக்காரனுக்குப் பார்வையிலேயே தெரிந்தது. அவன் சொல்லவில்லை. முகாமுக்கு எடுத்தவர்களில் கடைசிப் பெயர் அவளுடையது. கேட்டதும் அவள் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். குழந்தை ஓடிவந்து மடியில் ஏறியது. அவள் அழுதாளா என்று மைதானக்காரனுக்குத் தெரியவில்லை. முகம் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பஸ் நிலையத்தில் அவள் போனை எடுத்தாள்.

"அண்ணிக்குச் சொல்லணும்."

"எடுக்குமோ என்னமோ. வேணும்னா நான் பேசவா?"

"நானே பேசுறேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடப் போகும்போது அக்கா எடுத்தாள். பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, நான்தான். எடுத்துட்டாங்க. முகாமுக்கு."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"அண்ணி?"

"இருக்கேன்," என்றாள் அக்கா. "இன்னைக்கு அவன் கம்பு இல்லாம பாத்ரூம் வரைக்கும் நடந்தான். சுவத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான். ஆனா நடந்தான்."

"சரி அண்ணி."

"பந்து ஆட முடியாதுன்னு தீர்மானமா சொல்லிட்டாங்க. அதையும் தெரிஞ்சுக்க."

"சரி அண்ணி."

"புள்ள சாப்பிட்டாளா?"

"ரொட்டி குடுத்தேன்."

"வெறும் ரொட்டியையா குடுத்த? பாலு வாங்கிக் குடு. பஸ்ஸுல ஜன்னலோரம் உக்கார வைக்காத, காத்து அடிக்கும்."

அப்போது அந்த அறையிலிருந்து, கொஞ்சம் தள்ளி, குருவியின் குரல் கேட்டது: "யாருக்கா போன்ல?"

பம்பரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வீட்லேருந்துடா," என்றாள் அக்கா.